ஐந்து முறை சர்வீஸ் விட்டும் அதே டிபிஎஃப் விளக்கு. நான் சொன்னதை ஜாப் கார்டில் யாரும் எழுதவில்லை

நொய்யல்கரை (கோவை) · 8 ஜூன் 2025

வணக்கம் நண்பர்களே. பதிவு நீளம், பொறுத்துப் படியுங்கள்.

2022 நவம்பரில் 1.5 லிட்டர் டீசல் காம்பாக்ட் எஸ்யூவி எடுத்தேன். ஆன்ரோடு 14 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கம்பெனி பெயர் வேண்டாம், எந்த பிஎஸ்6 (2020-இல் வந்த மாசு விதி) டீசலுக்கும் இது வரலாம். வீடு சிங்காநல்லூர், வேலை பீளமேடு. ஒரு நடைக்கு 7 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை ஈரோடு போய் வருவேன்.

முதல் 14,000 கிலோமீட்டர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் மஞ்சள் டிபிஎஃப் விளக்கு (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைக்கிறது என்ற எச்சரிக்கை) எரிந்தது. சர்வீஸில் விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டி வண்டியை நிறுத்திவைத்தே கரியை எரித்தார்கள். "ஹைவேல கொஞ்சம் ஓட்டுங்க சார், சரியாயிடும்" என்றார் அட்வைசர். ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலாம்பூரில் ஏறி அவினாசி தாண்டி செங்கப்பள்ளி வரை போய்த் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. 80, 90 வேகத்தில் சீராகத்தான் ஓட்டினேன். இரண்டு வாரத்தில் திரும்பவும் விளக்கு.

இரண்டாம் முறை சாஃப்ட்வேர் அப்டேட். மூன்றாம் முறை என்ஜின் ஆயில் கெட்டுவிட்டது என்று மாற்றி 6,840 ரூபாய் பில் போட்டார்கள். நான்காம் முறை 11 நாள் வைத்திருந்து, சென்சார் சுத்தம் செய்ததாகச் சொன்னார்கள். ஐந்தாவது போன வாரம்: டிபிஎஃப்பையே மாற்ற வேண்டும், 1 லட்சத்து 38 ஆயிரம், வாரண்டியில் வராது, காரணம் "உங்க டிரைவிங் பேட்டர்ன்".

ஐந்தாவது முறைக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தங்கைக்கு வளைகாப்பு, அவள் புகுந்த வீடு குன்னூர். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே மஞ்சள் விளக்கு. பர்லியாறு வருவதற்குள் என்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் 20 வேகத்தில் ஊர்ந்தோம். பின்னால் பேருந்து ஹார்ன் அடித்தபடியே வந்தது. பின்சீட்டில் அம்மா வளையல் தட்டை மடியோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். 14 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில் அம்மாவை அப்படி உட்காரவைத்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

சர்வீஸில் விடும்போது குறையை எழுதித் தரும் ஐந்து ஜாப் கார்டையும் நேற்று மேசையில் பரப்பிப் படித்தேன். நான் சொன்ன வார்த்தை ஒன்றில்கூட இல்லை. "ஜெனரல் செக்கப்", "வார்னிங் லேம்ப் செக்", "கஸ்டமர் ரிக்வெஸ்ட் - ஆயில் சேஞ்ச்". நான் எப்போது ஆயில் மாற்றச் சொன்னேன்? மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கியதைச் சொன்னேன், அது எங்குமே இல்லை. டெம்பரேச்சர் மீட்டரில் முன்பு நாலு கட்டம் நிற்கும், ஒன்றரை வருடமாக மூன்றைத் தாண்டுவதில்லை என்றும் சொன்னேன். "நல்லதுதானே சார், ஹீட் ஆகலன்னு அர்த்தம்" என்றார்கள். அதுவும் இல்லை.

வாரண்டி நவம்பரில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பைபாஸ்_ரைடர் (சேலம்) · 8 ஜூன்

மன்னிக்கவும் நண்பரே, நேராகவே சொல்கிறேன். தினம் 7 கிலோமீட்டர் ஓடுகிறவர் டீசல் எடுத்ததே தப்பு. நானும் அதே அளவு டீசல்தான் வைத்திருக்கிறேன். சேலம் - பெங்களூர் வாரம் ஒருமுறை போவதால் 70,000 கிலோமீட்டரில் அந்த விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. டிபிஎஃப் சூடாக வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்று போனால் எப்படிச் சூடாகும்? ஓனர் மேனுவலிலேயே இருக்கிறது.

நொய்யல்கரை · 8 ஜூன்

மேனுவல் வண்டி வாங்கிய பிறகுதானே கைக்கு வருகிறது. ஷோரூமில் விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வியே "தினம் எவ்வளவு ஓட்டுவீங்க சார்?" சிங்காநல்லூர் - பீளமேடு என்றேன். "டீசலே எடுங்க, ரீசேல் நல்லா இருக்கும்" என்றார். டிபிஎஃப் என்ற சொல்லை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. வாங்கும்போது பொருத்தமாக இருந்த என் ஓட்டம் வாரண்டி கேட்கும்போது மட்டும் தவறானது எப்படி?

வைகை_மகள் (மதுரை) · 9 ஜூன்

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. என்னுடையது மின்சார ஸ்கூட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்து வண்டி நின்றுவிடும். முதல்முறை நின்றது கோரிப்பாளையம் சிக்னலில், பின்னால் மகள் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று முறை விட்டேன். ஒவ்வொரு முறையும் "ஓட்டிப் பாத்தோம், நல்லா இருக்கு மேடம்". நான் விளக்கினால் காதில் வாங்க மாட்டார்கள். "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க" என்று ஒரு பையன் சொன்னான். வண்டி என் பெயரில், தவணை என் சம்பளத்தில், ஓட்டுவது நான். சார் எதற்குப் பேச வேண்டும்?

நான்காம் முறை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துப்போனேன். எந்தத் தேதி, எத்தனை மணி, பேட்டரி எத்தனை சதவீதம், மேடா சமதளமா, நின்றபின் எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடியது, எல்லாம். இரண்டு பிரதி. ஒன்றில் சீலும் கையெழுத்தும் கேட்டேன். போடவே மாட்டேன் என்றார்கள். சரி, மேனேஜர் வரும்வரை உட்காருகிறேன் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கையெழுத்து வந்தது. அந்தத் தாளைப் படித்த டெக்னீஷியன்தான் "பேட்டரி பாதிக்குக் கீழ, அதுவும் ஏத்தத்துல மட்டும் நிக்குதே" என்று கண்டுபிடித்தார். கனெக்டர் ஒன்று சூட்டில் தளர்ந்திருந்தது. பொருள் வர 23 நாள் ஆனது, ஆனால் அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. வாயால் சொன்னது மூன்று முறையும் காற்றோடு போனது அண்ணா, எழுதியதுதான் நின்றது.

மலைக்கோட்டை_மெக்கானிக் (திருச்சி) · 9 ஜூன்

தம்பி, 22 வருடமாக டீசல் வேலைதான் பார்க்கிறேன். ரைடர் தம்பி சொல்வதில் பாதி உண்மை, மீதிப் பாதியை யாரும் பார்க்கவில்லை.

டிபிஎஃப் என்பது புகை வெளியேறும் வழியில் வைத்த தேன்கூடு மாதிரியான வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் டீசல் கார்களுக்கு அது இல்லாமல் தீராது என்றாகிவிட்டது. கரி அதில் தங்கும். ஓரளவு சேர்ந்ததும் ஈசியு (என்ஜினின் கம்ப்யூட்டர்) வழக்கமான நேரம் முடிந்தபின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அந்தச் சூட்டில் வடிகட்டி 600 டிகிரி வாக்கில் ஏறிக் கரி எரியும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும். பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டால் கரி அப்படியே நிற்கும். கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறையாமல் கூடுகிறது என்றால் அதுதான் காரணம். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு சொட்டைத் திசுத்தாளில் விடு. நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம் பரவும். மோந்து பார்த்தாலே டீசல் நெடி தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ செங்கப்பள்ளி வரை 90-ல் ஓட்டியும் எரியவில்லை என்றால் ஓட்டத்தைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. ஒன்று கரி அளவுக்கு மேல் உண்டாகிறது, அல்லது எரிவதற்கான நிபந்தனை கூடிவரவில்லை. டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குக் காற்று போகும் ஹோஸில் கீறல், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி நின்றுபோவது, மூக்கு ஒழுகும் இன்ஜெக்டர் என்றால் கரி கூடும். டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் சென்சார் பொய் சொன்னாலும் எல்லாம் குழம்பும். சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது அது பூச்சியம் காட்ட வேண்டும்.

ஆனால் எனக்கு உறுத்துவது நீ கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. நாலு கட்டம் நின்ற மீட்டர் மூன்றோடு நிற்கிறது, மைலேஜ் இறங்கியிருக்கிறது. தம்பி, என்ஜின் குளிர்ச்சியாக இருப்பது நல்லதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி 800 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கி மாட்டி, இருபது நிமிடம் ஹைவேயில் ஓட்டிவிட்டுக் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு எத்தனை டிகிரி என்று எழுது. பென்டிங் கோடு (ஈசியு குறித்துவைத்திருக்கும் கோளாறு எண்) ஏதாவது இருந்தாலும் படம் எடுத்துப் போடு. எதையும் அழித்துவிடாதே.

முன்னாள்_அட்வைசர் (சென்னை) · 10 ஜூன்

ஒன்பது வருடம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் வேலை பார்த்த இரண்டு இடங்களில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் குறையை உங்கள் வார்த்தையில் ஏன் எழுதுவதில்லை? காலை எட்டரையில் இருந்து பத்தரைக்குள் ஒரு அட்வைசருக்குப் பதினைந்து வண்டி. கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வரிகளில் ஒன்றைத் தட்டினால் ஜாப் கார்டு திறந்துவிடும். தட்டச்சு செய்ய நேரமில்லை என்பது முதல் காரணம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணத்தை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே குறைக்காக 30 நாளைக்குள் அதே வண்டி திரும்பி வந்தால் அது டீலர் கணக்கில் "ரிப்பீட்". மாதக் கடைசியில் கம்பெனி அதை எண்ணும். அதனால் முதல்முறை "வார்னிங் லேம்ப்" என்று எழுதினால் அடுத்தமுறை "ஜெனரல் செக்கப்" என்று எழுதச் சொல்வார்கள். நொய்யல்கரை சாரின் ஐந்து ஜாப் கார்டும் ஐந்து விதமாக இருப்பதை நான் தற்செயல் என்று நம்ப மாட்டேன்.

வாரண்டி வேலைக்கு, கம்பெனி குறித்துவைத்த நேரத்துக்கு மட்டும்தான் டீலருக்குக் கூலி. ஒரு பொருளை மாற்ற முக்கால் மணி என்றால் முக்கால் மணிக்கான பணம். அது என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க மெக்கானிக் மூன்று மணி நேரம் செலவழித்தால் அந்த நேரம் யார் கணக்கிலும் சேராது. கழற்றிய பொருளைக் கம்பெனி திரும்ப வாங்கிச் சோதிக்கும். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் செலவு டீலர் தலையில். அதே நேரத்தில் ஏசி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், என்ஜின் ஃப்ளஷ் விற்றால் எங்களுக்கு இன்சென்டிவ் உண்டு. தேடிக் கண்டுபிடிக்கிறவனுக்கு நஷ்டம், கூடுதல் பில் போடுகிறவனுக்குப் பாராட்டு. இதில் அட்வைசர் பையனைத் திட்டிப் பயனில்லை. சாயங்காலம் கஸ்டமர் ஃபீட்பேக்குக்கு "பத்துக்குப் பத்து குடுங்க சார்" என்று கெஞ்சுகிறானே, அது அவன் சம்பளத்தோடு கட்டியது.

என்ன செய்ய வேண்டும் என்றால், வைகை மகள் செய்ததைத்தான். ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உங்கள் வார்த்தை இல்லையென்றால் அதன் மேலேயே பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். வண்டி உங்கள் கையைவிட்டுப் போகும்போதும் திரும்ப வரும்போதும் கிலோமீட்டரைப் படம் எடுங்கள். அன்று மாலையே அதே குறையை டீலருக்கும் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனால் அங்கிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்க்க வாய்ப்பு உண்டு. டீலருக்கு வெளியே இருந்து ஒரு கண் அப்போதுதான் வண்டி மேல் படும்.

பைபாஸ்_ரைடர் · 10 ஜூன்

மெக்கானிக் அண்ணன் எழுதியதைப் படித்தபின் என் பதிவை யோசித்தேன். ஹைவே ஓட்டியும் எரியவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் கவனிக்கவில்லை. நகர ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

காவிரிப்பாலம் (ஈரோடு) · 11 ஜூன்

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். வக்கீல் இல்லை, வேறொரு வண்டிக்காக நானே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நின்று வாதாடியவன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதைத் தவறவிட்டு நிறையப் பேர் நிற்கிறார்கள், அதனால் முதல் ஜாப் கார்டு தேதியைப் பாருங்கள். இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். காசு செலவில்லாமல் கம்பெனியிடம் இருந்து எழுத்தில் ஒரு பதில் கிடைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. புது வண்டி அல்லது முழுப்பணம் என்று கேட்டு நிற்காதீர்கள். பழுதான பாகத்தை மாற்றித்தருவதே வாரண்டியின் கடமை, அதற்காக முழு வண்டியையும் மாற்றித்தர வேண்டியதில்லை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறை என்றால் நிபுணர் சோதனை அறிக்கை கேட்பார்கள். அதைவிடச் சேவைக் குறைபாடு என்று வாதாடுவது உங்களுக்கு எளிது. ஐந்து முறை விட்டேன், சொன்னதை எழுதவில்லை, காரணம் தேடவில்லை, பணம் வாங்கினார்கள். இதற்குச் சாட்சி அவர்கள் கொடுத்த காகிதமே.

இன்னொன்று. 2021 ஏப்ரலில் இருந்து வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்பப் பெறவைக்கும் விதி நடப்பில் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டி என்றால் அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால்தான் அரசு கையில் எடுக்கும். ஆளாளுக்கு வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை சேராது.

நொய்யல்கரை · 15 ஜூன்

மெக்கானிக் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

கருவி வாங்கி இன்று காலை செங்கப்பள்ளி வரை போனேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாள். 58, 63, 66, 67, 65, 64. வேகம் 90 இருக்கும்போதும் 67-ஐத் தாண்டவில்லை. கணியூர் டோல் அருகே கொஞ்சம் நிறுத்தி ஐடிலிங்கில் விட்டபோதுதான் 74 வந்தது. திரும்பக் கிளம்பியதும் இறங்கிவிட்டது. பென்டிங்கில் ஒரே ஒரு கோடு: பி0128.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. கடைசியாக மாற்றி 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

மலைக்கோட்டை_மெக்கானிக் · 15 ஜூன்

தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டது. 80-ஐத் தாண்டும்வரை மூடியிருந்து, என்ஜின் சூடானதும் திறப்பதுதான் அதன் வேலை. எப்போதும் திறந்திருந்தால் ஓட ஓடக் காற்று ரேடியேட்டரைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு நினைக்கும். டீசலைக் கூட்டும், கரி கூடும், எரிக்கத் தொடங்கினாலும் முடிக்க விடாது. மைலேஜ், ஆயில், விளக்கு எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றே.

பி0128 என்பது கூலண்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று ஈசியு கைதூக்கிச் சொல்லும் கோடு. ஒவ்வொரு முறையும் டிபிஎஃப் கோடோடு சேர்த்து இதையும் அழித்திருப்பார்கள். டிபிஎஃப்பை மாற்றியிருந்தால் புதிதும் ஆறு மாதத்தில் அடைத்திருக்கும். இதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு நேராகப் போ. நீயே பிரித்துப் பார்க்காதே, வாரண்டி போய்விடும்.

நொய்யல்கரை · 6 ஜூலை

நடந்தது இது. 17-ஆம் தேதி இரண்டு பிரதியோடு போனேன். கூலண்ட் சூட்டு எண்கள், கோடின் படம், ஐந்து ஜாப் கார்டு தேதிகள், எல்லாம் ஒரே தாளில். அட்வைசர் பழையபடி "வார்னிங் லேம்ப் செக்" என்று தட்டினார். "இல்லைங்க, இந்தத் தாளில் இருக்கிறதை அப்படியே ஏற்றுங்கள்" என்று நின்றேன். வரிசை நீண்டது, பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எனக்கும் ஒரு தாள் குடுங்க கண்ணு, நானும் எழுதித்தாரேன்" என்றார். மண்டல அலுவலகத்துக்கு அன்று மாலையே மின்னஞ்சல். 1915-லும் பதிந்தேன்.

ஆறாம் நாள் கம்பெனிப் பொறியாளர் வந்தார். என்னையும் உள்ளே அழைத்து, கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கையில் கொடுத்தார். வால்வு ஓரத்தில் துருவும் வெள்ளைப் படிவும். தாளை நுழைத்தால் போய்வரும் அளவு இடைவெளி. மூன்று விரல் அகலமுள்ள ஒரு பொருள். இதற்காக ஒன்றரை வருடம். அவர் நல்ல மனிதர், "முதல் தடவையே டெம்பரேச்சர் பார்த்திருக்கணும்" என்று மேனேஜர் எதிரிலேயே சொன்னார்.

தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் வாரண்டியில் மாற்றினார்கள். டிபிஎஃப்பை மாற்றவில்லை, கரியை எரித்ததும் அழுத்தம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. பழைய 6,840 ரூபாயைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள்.

முன்னாள்_அட்வைசர் · 6 ஜூலை

பார்க்கலாம் என்றால் எழுத்தில் வாங்குங்கள் சார். 15 நாள் கெடு வைத்து ஒரு மின்னஞ்சல். பழைய ஆயில் பில்லில் "கஸ்டமர் ரிக்வெஸ்ட்" என்று இருக்கிறதே, நான் கேட்கவில்லை என்பதையும் அதிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

மலைக்கோட்டை_மெக்கானிக் · 7 ஜூலை

ஆயில் பில்லில் கிரேடு என்ன போட்டிருக்கிறது என்று பார். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. என்ஜின் ஃப்ளஷ் வேண்டாம் என்று சொல்லிவிடு. 1,000 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கைப் பார்த்துச் சொல்.

நொய்யல்கரை · 24 ஆகஸ்ட்

1,350 கிலோமீட்டர் ஆகிவிட்டது அண்ணா. ஆயில் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஊற்றிய இடத்திலேயே நிற்கிறது. கிரேடு சரியானதுதான். கூலண்ட் 86-ல் இருந்து 90-க்குள். மைலேஜ் 16.4. அதே சிங்காநல்லூர் - பீளமேடு, அதே 7 கிலோமீட்டர்.

6,840 இன்னும் வரவில்லை. கெடு முடிந்துவிட்டது. அந்த ஆயில் பில்லின் தேதி 2024 மார்ச் 19, இரண்டு வருடத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காவிரிப்பாலம் சார், மனு எழுதி வைத்திருக்கிறேன். தாக்கல் செய்யும் முன் உங்களுக்கு அனுப்பினால் ஒருமுறை படித்துப் பார்ப்பீர்களா?

காவிரிப்பாலம் · 24 ஆகஸ்ட்

அனுப்புங்கள். ஐந்து ஜாப் கார்டையும் தேதி வரிசைப்படி இணையுங்கள். நீங்கள் சீல் வாங்கிய தாளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.